விழித்திரை மீண்டும் வளருமா? மரபணுக் கட்டுப்பாடு பற்றி ஒரு விரிவான பதில்

கேள்வி இதுதான்: ஜீப்ரா மீனின் விழித்திரையைச் சிதைத்தாலும் சில வாரங்களில் அது புதிதாக வளர்ந்து, மீனுக்குப் பார்வை திரும்பிவிடுகிறது. அந்த மீனிடம் உள்ள மரபணுக்களில் பெரும்பாலானவை நம்மிடமும் இருக்கின்றன. அப்படியானால் நமக்கு ஏன் வளர்வதில்லை? கிளாக்கோமா என்ற பார்வை நரம்பு நோயில் போன பார்வையை மரபணு சிகிச்சையால் திரும்பப் பெற முடியுமா?

இதற்குள் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. முதலில் அவற்றைப் பிரித்துக்கொள்வோம். செத்துப்போன செல்லுக்குப் பதிலாகப் புது செல்லை உண்டாக்குவது ஒன்று. உயிரோடு இருக்கிற நரம்பு செல்லின் அறுந்த இழையை மறுபடி வளர வைப்பது இன்னொன்று. செய்திகளில் இரண்டையும் 'நரம்பு மறுவளர்ச்சி' என்ற ஒரே தலைப்பில் போட்டுவிடுகிறார்கள். ஆனால் இரண்டிலும் வேலை செய்யும் செல் வேறு, மரபணு வேறு, ஆராய்ச்சி எட்டியிருக்கும் தூரமும் வேறு.

விழித்திரை என்பது கண்ணின் பின்சுவரில் படிந்திருக்கும் மெல்லிய நரம்புத் திசு. கரு வளரும்போது மூளையிலிருந்து புடைத்து வந்து உருவாவதால், அது மூளையின் ஒரு பகுதிதான். ஒளியைப் பிடிக்கும் குச்சி செல்கள் அதில் சுமார் 12 கோடி, கூம்பு செல்கள் சுமார் 60 லட்சம். அவை பிடித்ததை நடு அடுக்கில் உள்ள செல்கள் அலசி, கடைசி வரிசையில் இருக்கும் கேங்கிலியான் செல்களிடம் கொடுக்கின்றன. இவை ஏறக்குறைய 10 லட்சம்தான். ஒவ்வொன்றும் மூளைவரை ஒரு நீண்ட இழையை அனுப்புகிறது. அந்த இழைகளின் கட்டுதான் பார்வை நரம்பு. ரெட்டினைட்டிஸ் பிக்மென்டோசா என்ற பரம்பரைக் கண் நோயில் ஒளி பிடிக்கும் செல்கள் போகின்றன. கிளாக்கோமாவில் போவது கேங்கிலியான் செல்கள்.

இந்த அடுக்குகள் எல்லாவற்றையும் குறுக்காக ஊடுருவி நிற்கிறது இன்னொரு வகை செல். 1851 இல் ஹைன்ரிஷ் முல்லர் விவரித்ததால் அதற்கு முல்லர் செல் என்று பெயர். அது நரம்பு செல் அல்ல. சுற்றியுள்ள நரம்பு செல்களுக்கு ஊட்டம் தருவது, உப்புச் சமநிலையைப் பார்த்துக்கொள்வது, கழிவை அகற்றுவது ஆகியவை அதன் வேலை. மீன், கோழி, எலி, மனிதர் என எல்லோருடைய விழித்திரையிலும் அது உண்டு. மீனின் விழித்திரை புதுப்பிக்கப்படுவது இந்தச் செல்லிலிருந்துதான். ஆக நம்மிடம் மூலப்பொருள் இல்லை என்று சொல்ல முடியாது.

மீனில் நடப்பதைக் கொஞ்சம் நெருங்கிப் பார்ப்போம், ஏனென்றால் மற்ற எல்லாம் இதிலிருந்துதான் புரியும். ஒளி பிடிக்கும் செல்கள் சாகும்போது அவற்றிலிருந்து டிஎன்எஃப்-ஆல்ஃபா போன்ற சமிக்ஞைப் புரதங்கள் வெளியாகின்றன. பக்கத்து முல்லர் செல் அதை உணர்கிறது. சில மணி நேரத்திலேயே அதன் உட்கருவில் ஆஸ்கல்1ஏ என்ற மரபணு விழித்துக்கொள்கிறது. பிறகு உட்கரு தன் வழக்கமான இடத்தை விட்டுக் கிளம்பி, செல்லின் நீளவாக்கில் வெளி அடுக்கை நோக்கி நகர்கிறது. இரண்டாம் நாள் வாக்கில் செல் பிரிகிறது. பிரிந்த இரண்டும் ஒன்றுபோல் இல்லை: ஒன்று பழையபடி முல்லர் செல்லாகவே தங்கிவிடுகிறது, இன்னொன்று கருவில் இருந்த முன்னோடி செல்லைப் போல மாறிப் பல முறை பெருகுகிறது. பெருகிய செல்கள் தாய் முல்லர் செல்லின் நீண்ட உடலைப் பற்றிக்கொண்டே ஏறி, காலியான அடுக்குக்குப் போய்ச் சேர்ந்து, அங்கே தேவையான நரம்பு செல்லாக மாறுகின்றன. துணை செல் தன்னை இழக்காமலேயே புது நரம்பு செல்களைத் தருகிறது என்பதுதான் இதில் முக்கியம்.

இதன் பின்னால் இருக்கும் மரபணுக் கட்டுப்பாடு அழகானது. அமைதியாக இருக்கும் முல்லர் செல்லில் லெட்-7 என்ற குறு ஆர்என்ஏ நிறைய இருக்கிறது. அது புரதம் எதையும் தயாரிப்பதில்லை. மற்ற மரபணுக்களின் தூது ஆர்என்ஏவில் ஒட்டிக்கொண்டு, அவை புரதமாக மாறாமல் தடுக்கிறது. மறுவளர்ச்சிக்கு வேண்டிய பல மரபணுக்கள் இப்படித்தான் அடங்கிக் கிடக்கின்றன. காயம் பட்டதும் ஆஸ்கல்1ஏ எழுந்து லின்28 என்ற மரபணுவை இயக்குகிறது. லின்28 புரதம் லெட்-7 உருவாவதைக் கெடுக்கிறது. லெட்-7 குறையக் குறைய அடங்கிக் கிடந்தவை எல்லாம் எழுகின்றன. மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் டேனியல் கோல்ட்மன் குழுவில் இருந்த ராஜேஷ் ராமச்சந்திரன் முதல் ஆசிரியராக 2010 இல் வெளியான கட்டுரை இந்தச் சங்கிலியைக் காட்டியது. லெட்-7, லின்28 இரண்டுமே முதலில் ஒரு மில்லிமீட்டர் நீளமுள்ள உருளைப் புழுவில் கண்டுபிடிக்கப்பட்டவை. குறு ஆர்என்ஏ கண்டுபிடிப்புக்காக விக்டர் ஆம்ப்ரோஸ், கேரி ருவ்கன் இருவருக்கும் 2024 இல் நோபல் பரிசு கிடைத்தபோது, "புழுவை ஆராய்ந்து என்ன பயன்" என்று கேட்டவர்களுக்கு நான் காட்டிய முதல் உதாரணம் இதுதான்.

சரி, எலிக்கும் நமக்கும் என்ன ஆனது?

நெடுநாள் இருந்த நினைப்பு, பாலூட்டிகளின் முல்லர் செல்லுக்கு அந்தத் திறனே தொலைந்துபோய்விட்டது என்பது. 2020 இல் பல ஆய்வகங்கள் சேர்ந்து மீன், கோழி, எலி மூன்றின் முல்லர் செல்களையும் காயத்துக்குப் பிறகு மணிக்கணக்காகவும் நாள்கணக்காகவும் தொடர்ந்து, ஒவ்வொரு செல்லிலும் எந்தெந்த மரபணு இயங்குகிறது என்று அளந்து ஒப்பிட்டன. கிடைத்த விடை வேறு. காயம் பட்டதும் எலியின் முல்லர் செல்லும் கிளம்பத்தான் செய்கிறது. மீனின் செல் போகும் பாதையில் முதல் அடியை அதுவும் எடுத்து வைக்கிறது. ஆனால் கொஞ்ச நேரத்தில் என்எஃப்ஐ என்ற குடும்பத்தைச் சேர்ந்த புரதங்கள் அதைப் பழைய அமைதி நிலைக்கே இழுத்துக்கொண்டு போய்விடுகின்றன. அந்தக் குடும்பத்தின் மூன்று மரபணுக்களை நீக்கிய வளர்ந்த எலிகளில், காயத்துக்குப் பிறகு முல்லர் செல்கள் பிரிந்து, நரம்பு செல்களைப் போன்றவற்றை உண்டாக்கின.

கேள்விக்கு நேரடி விடை இதுதான். என்ஜின் இருக்கிறது, பிரேக்கில் அழுத்திய கால் எடுக்கப்படவில்லை. நம்மிடம் மரபணு இல்லாததல்ல பிரச்சினை. இருக்கிற மரபணுவை இயங்க விடாமல் ஒரு கட்டுப்பாடு ஓயாமல் வேலை செய்துகொண்டிருக்கிறது. கோழி மீனுக்கும் எலிக்கும் நடுவில் நிற்கிறது. 2001 இல் ஆண்டி ஃபிஷரும் தாமஸ் ரேவும் காட்டியபடி, கோழிக்குஞ்சின் முல்லர் செல்கள் காயத்துக்குப் பிறகு பெருகுகின்றன, முன்னோடி செல்லாகவும் மாறுகின்றன, ஆனால் நரம்பு செல்லாக முடிபவை மிகக் கொஞ்சம். அதாவது தடை ஒன்றல்ல, பாதை நெடுக அடுத்தடுத்து இருக்கிறது.

இந்தத் தடைகளில் இன்னொன்று டிஎன்ஏ சுருட்டப்பட்டிருக்கும் விதம். நம் டிஎன்ஏ ஹிஸ்டோன் என்ற புரதங்களைச் சுற்றி இருக்கிறது. இறுகச் சுற்றிய இடத்தில் உள்ள மரபணுவை எந்தப் புரதமும் போய் இயக்குவது கடினம். சியாட்டிலில் ரே குழு, மீனின் ஆஸ்கல்1ஏவுக்கு இணையான ஆஸ்கல்1 மரபணுவை எலியின் முல்லர் செல்களில் செயற்கையாக இயக்கிப் பார்த்தது. பிறந்து இரண்டு வாரம் வரையிலான குட்டிகளில் வேலை செய்தது, வளர்ந்த எலியில் செய்யவில்லை. வயது ஏற ஏற நரம்பு செல்லுக்கான மரபணுப் பகுதிகள் இறுகிப்போவதுதான் காரணமாக இருக்கும் என்று நினைத்து, ஹிஸ்டோனைத் தளர்த்தும் டிரைக்கோஸ்டாட்டின்-ஏ என்ற மருந்தையும் சேர்த்துக் கொடுத்தார்கள். 2017 இல் வெளியான முடிவு: வளர்ந்த எலியிலும் முல்லர் செல்கள் நடு அடுக்கு நரம்பு செல்களாக மாறின, பக்கத்துச் செல்களோடு இணைப்புப் போட்டன, ஒளி பட்டால் மின்துடிப்பும் காட்டின. எண்ணிக்கை குறைவு என்றாலும், வளர்ந்த பாலூட்டியின் கண்ணுக்குள்ளேயே இது நடக்கும் என்று காட்டியதுதான் பெரிது. அப்புறம் 2024 இல், என்எஃப்ஐ மரபணுக்களோடு, பக்கத்துச் செல்கள் ஒன்றுக்கொன்று அனுப்பும் நாட்ச் என்ற சமிக்ஞையையும் சேர்த்து நிறுத்தியபோது, வளர்ந்த எலியின் முல்லர் செல்களில் மிகப் பெரும்பான்மை நரம்பு செல்லைப் போல மாறின. இங்கே ஒரு கவலை உண்டு. முல்லர் செல்கள் எல்லாமே நரம்பு செல்லாகிவிட்டால் விழித்திரையை யார் பராமரிப்பது? மீனின் செல் முதலில் பிரிந்து ஒரு பங்கைத் தனக்காக வைத்துக்கொள்கிறது. எலியில் செயற்கையாக மாற்றும்போது பெரும்பாலும் அப்படிப் பிரியாமல் நேராக மாறிவிடுகிறது. என் பார்வையில், எத்தனை செல் மாறியது என்பதைவிட இந்தப் பிரிதலை எப்படிக் கொண்டுவருவது என்பதே இப்போது முக்கியமான கேள்வி.

2025 இல் தென் கொரியாவின் கைஸ்ட் நிறுவனத்திலிருந்து வந்த ஒரு முடிவு என்னை நிமிர்ந்து உட்கார வைத்தது. பிராக்ஸ்1 என்ற புரதம் எலியின் முல்லர் செல்லில் சேர்ந்து மறுவளர்ச்சியைத் தடுக்கிறது. அந்தப் புரதம் முல்லர் செல்லிலேயே தயாராவதில்லை. பக்கத்து நரம்பு செல்களில் தயாராகி, வெளியே கசிந்து, முல்லர் செல்லுக்குள் நுழைகிறது. வெளியே வந்த இடத்திலேயே எதிர்ப்புரதத்தால் அதைப் பிடித்துவிட்டால், பார்வை இழக்கும் எலிகளில் முல்லர் செல்கள் மறுபடி கிளம்புகின்றன, பார்வை இழப்பும் தள்ளிப்போகிறது. மரபணுக் கட்டுப்பாடு என்றால் ஒரு செல்லின் உட்கருவுக்குள் நடப்பது என்றே நினைத்துப் பழகியிருக்கிறோம். பக்கத்துச் செல்லும் அதில் கை வைக்கிறது என்றால், தடுப்பதற்கும் வெளியிலிருந்தே வழி கிடைக்கிறது.

இந்த இடத்தில் ஒரு எச்சரிக்கை. இந்தத் துறைச் செய்திகளைப் படிக்கிறவர்கள் இதைத் தெரிந்துவைத்திருக்க வேண்டும். புதிதாக ஒரு நரம்பு செல் தெரிகிறது என்றால், அது முல்லர் செல்லிலிருந்து வந்தது என்று எப்படித் தெரியும்? 2020 இல், பிடிபிபி1 என்ற ஒரே ஒரு மரபணுவை அடக்கினாலே முல்லர் செல்கள் கேங்கிலியான் செல்லாக மாறிவிடுகின்றன, எலிக்குப் பார்வை திரும்புகிறது என்று ஒரு பெரிய ஆய்விதழில் கட்டுரை வந்தது. உலகமே பரபரத்தது. அவர்கள் செய்தது இது: முல்லர் செல்லில் மட்டுமே இயங்க வேண்டிய ஒரு கட்டுப்பாட்டுப் பகுதியை வைரஸ் ஒன்றில் வைத்து, அதோடு ஒளிரும் நிறப் புரதத்தையும் சேர்த்துக் கண்ணுக்குள் செலுத்தினார்கள். பிறகு நிறம் ஒளிரும் கேங்கிலியான் செல்களைக் கண்டார்கள். முல்லர் செல் மாறிவிட்டது என்று முடிவுசெய்தார்கள்.

ஆனால் அந்தக் கட்டுப்பாட்டுப் பகுதி சில நேரம் ஏற்கெனவே இருக்கும் நரம்பு செல்லிலும் இயங்கிவிடும். வைரஸில் கூடவே வைக்கும் மரபணுவைப் பொறுத்து அந்தக் கசிவு கூடவும் செய்யும். இதைச் சரிபார்க்க வழி உண்டு. வைரஸைச் செலுத்துவதற்கு முன்பே, எலியின் சொந்த மரபணுவிலேயே முல்லர் செல்களுக்கு அழியாத ஒரு நிறம் கொடுத்துவிட வேண்டும். அந்தச் செல் பிறகு எதுவாக மாறினாலும் அந்த நிறம் கூடவே போகும். 2021 இல் மூளையிலும், 2022 இல் விழித்திரையிலும் இப்படிச் சோதித்தபோது, புதிய நரம்பு செல்கள் என்று சொல்லப்பட்டவற்றில் அந்த முன்நிறம் இல்லை. பிடிபிபி1 மரபணுவை முழுதாக நீக்கியும் முல்லர் செல்கள் முல்லர் செல்களாகவே இருந்தன. பழைய நரம்பு செல்கள்தான் புதியவைபோல ஒளிர்ந்திருக்கின்றன. மேலே நான் சொன்ன ஆஸ்கல்1, என்எஃப்ஐ ஆய்வுகளில் இந்த முன்நிற முறை இருந்தது. அதனால்தான் அவற்றை நம்பி எழுதுகிறேன். இனி இப்படி ஒரு செய்தி வந்தால், இப்படி முன்நிறம் கொடுத்துச் செல்லின் பரம்பரைத் தடத்தைச் சோதித்தார்களா என்று முதலில் பாருங்கள்.

இனி இரண்டாவது கேள்வி, அறுந்த இழை. 1928 இல் ஆங்கிலத்தில் வெளிவந்த நூலில் நரம்பியல் அறிஞர் சாண்டியாகோ ராமோன் இ கஹால், வளர்ந்த மூளையிலும் தண்டுவடத்திலும் நரம்புப் பாதைகள் முடிந்துபோனவை, எதுவும் மீண்டும் உருவாகாது என்ற கருத்தில் எழுதினார். அந்த எண்ணம் பல பத்தாண்டுகள் நின்றது. ஆனால் தவளைக்கும், நியூட் என்ற பல்லி போன்ற நீர்நில வாழ்விக்கும் பார்வை நரம்பு திரும்ப வளரும். 1940களில் ரோஜர் ஸ்பெரி நியூட்டின் பார்வை நரம்பை வெட்டி, கண்ணை 180 பாகை திருப்பி வைத்தார். இழைகள் வளர்ந்து மூளையில் தத்தம் பழைய இடத்துக்கே போய்ச் சேர்ந்தன. விளைவாக அந்த விலங்குக்கு உலகம் தலைகீழாகத் தெரிந்தது. மேலே இரை இருந்தால் கீழே பாய்ந்தது. ஒவ்வொரு இழைக்கும் போக வேண்டிய முகவரி வேதியியலாகவே குறிக்கப்பட்டிருக்கிறது என்பதை இது காட்டியது. 1981 இல் மாண்ட்ரியலில் ஆல்பர்ட் அகுவாயோ குழு, எலியின் மைய நரம்பு மண்டலத்துக்குக் கால் நரம்புத் துண்டு ஒன்றைப் பாலமாக வைத்தபோது, அதற்குள் இழைகள் வெகுதூரம் வளர்ந்தன. சூழல் மாறினால் பாலூட்டியின் நரம்பும் வளரும் என்று அன்று தெரிந்தது.

சூழல் மட்டும் போதாது என்பது பிறகு தெரிந்தது. கேங்கிலியான் செல் கருவில் வேகமாக இழை நீட்டும். பிறந்த கையோடு அந்த வேகம் சட்டென்று குறைந்துவிடுகிறது. கேஎல்எஃப்4 போன்ற மரபணுக்கள் அந்த வேகத்தை அடக்குகின்றன. அதே குடும்பத்தின் கேஎல்எஃப்6, கேஎல்எஃப்7 வளர்ச்சியைத் தூண்டுகின்றன. 2008 இல் ஜிகாங் ஹே குழு, பிடென் என்ற மரபணுவை எலியின் கேங்கிலியான் செல்லிலிருந்து நீக்கிவிட்டுப் பார்வை நரம்பை நசுக்கியது. நசுங்கிய இடத்தைத் தாண்டி இழைகள் வளர்ந்தன. 2011 இல் பிடெனோடு எஸ்ஓசிஎஸ்3 மரபணுவையும் நீக்கியபோது வளர்ச்சி இன்னும் நீண்ட காலம் தொடர்ந்தது. ஆனால் பிடென் சாதாரண மரபணு அல்ல, புற்றுநோயைத் தடுத்து வைக்கும் மரபணுக்களில் முக்கியமானது. அதை மனிதக் கண்ணில் நிரந்தரமாக நிறுத்துவதை யாரும் எளிதாகச் செய்துவிட முடியாது.

இதைவிடச் சிக்கலான விஷயம், ஒரே சமிக்ஞை இரண்டு வேலை செய்வது. இழை அறுந்தால் டிஎல்கே என்ற நொதி அந்தச் செய்தியை உட்கருவுக்கு எடுத்துப் போகிறது. அதே செய்திதான் செல்லைச் சாகச் சொல்லும் மரபணுக்களையும் எழுப்புகிறது, இழையை வளரச் சொல்லும் மரபணுக்களையும் எழுப்புகிறது. டிஎல்கேவை நிறுத்தினால் செல் பிழைக்கும், ஆனால் வளராது. சாக்ஸ்11 என்ற மரபணு சில வகைக் கேங்கிலியான் செல்களை வளர வைக்கிறது, ஆல்ஃபா என்ற வகையைக் கொன்றுவிடுகிறது. எலியில் கேங்கிலியான் செல்கள் 46 வகை என்று 2019 இல் ஒற்றைச் செல் ஆய்வு கணக்கிட்டது. நரம்பை நசுக்கினால் இரண்டு வாரத்தில் சுமார் 80 சதவீதம் செத்துவிடுகின்றன, ஆனால் எல்லா வகையும் ஒரே அளவில் சாவதில்லை. சில வகை பெருமளவு பிழைத்திருக்கிறது, சில வகை ஏறக்குறைய முழுதாகவே போய்விடுகிறது. எல்லா வகைக்கும் பொருந்தும் ஒரே மரபணு என்று எவராவது சொன்னால் எனக்குத் தயக்கமாகவே இருக்கும்.

2020 இல் டேவிட் சின்க்ளேர் ஆய்வகம் வேறொரு வழி எடுத்தது. வளர்ந்த செல்லைக் கரு நிலைக்கே கொண்டுபோகும் நான்கு யமனாகா மரபணுக்களில், கட்டியை உண்டாக்கும் அபாயமுள்ள சி-மிக்கை விட்டுவிட்டு, மற்ற மூன்றை மட்டும் எலியின் கேங்கிலியான் செல்லில் இயக்கினார்கள். செல் தன் அடையாளத்தை இழக்கவில்லை. ஆனால் டிஎன்ஏ மீது வயதோடு படியும் மெத்தில் குறிகளின் அமைப்பு இளமைக்குத் திரும்பியது. நசுங்கிய நரம்பு வளர்ந்தது, கிளாக்கோமா போன்ற பாதிப்புள்ள எலிகளிலும் வயதான எலிகளிலும் பார்வை ஓரளவு மேம்பட்டது. மெத்தில் குறிகளை அகற்ற உதவும் டெட்1, டெட்2 நொதிகள் இல்லாவிட்டால் இந்தப் பலன் கிடைக்கவில்லை.

இழை வளர்ந்துவிட்டால் பார்வை வந்துவிடுமா என்றால், வராது. இழை சரியான இடத்துக்குப் போக வேண்டும், இணைய வேண்டும், மின்துடிப்பு தேயாமல் காக்கும் மையலின் உறையும் ஏற வேண்டும். 2016 இல் ஹே குழுவே காட்டியது: எலியில் வளர்ந்த இழைகள் மூளையில் இணைப்புப் போட்டும் பார்வை சரியாக வரவில்லை. உறை ஏறாததால் மின்துடிப்பு வழியிலேயே தேய்ந்துபோனது. பொட்டாசியம் வாயில்களை அடைக்கும் 4-அமினோபிரிடின் என்ற மருந்தைக் கொடுத்ததும் பார்வைத் திறன் கூடியது. எலியின் பார்வை நரம்பு சில மில்லிமீட்டர்தான். நம்முடையது சுமார் 5 சென்டிமீட்டர், அதற்குப் பிறகும் மூளைக்குள் தூரம் இருக்கிறது. 2023 மே மாதம் நியூயார்க்கில் ஒருவருக்கு முழுக் கண்ணையே மாற்றிப் பொருத்தினார்கள். கண் உயிரோடு இருந்தது, ரத்தம் ஓடியது, பார்வை வரவில்லை. பார்வை நரம்புதான் காரணம்.

கிளாக்கோமா பற்றிய கேள்விக்கு வருகிறேன். இன்று மருத்துவமனையில் கிடைக்கும் கண் மரபணு சிகிச்சை, 2017 டிசம்பரில் அமெரிக்காவில் அனுமதி பெற்ற லக்ஸ்டுர்னா போன்றது. ஆர்பிஇ65 மரபணு பழுதானவர்களுக்கு நல்ல பிரதி ஒன்றைக் கொடுக்கிறது. அது உயிரோடு இருக்கும் செல்லைச் சரிசெய்கிறது, செத்த செல்லைத் திரும்பக் கொண்டுவருவதில்லை. முல்லர் செல்லை மாற்றும் முறை மனித செல்களில் ஆய்வகக் கிண்ணம் வரை வந்திருக்கிறது. ஆஸ்கல்1 அங்கேயும் வேலை செய்கிறது. ஆனால் அது மருத்துவமனைக்கு வந்துவிடவில்லை. 'ஸ்டெம் செல் ஊசி' என்று பணம் வாங்கிக்கொண்டு கண்ணுக்குள் போடும் இடங்களை நம்ப வேண்டாம். அமெரிக்காவில் அப்படி வயிற்றுக் கொழுப்பிலிருந்து எடுத்த செல்களைக் கண்ணில் போட்டுக்கொண்ட மூன்று பெண்களுக்குக் கடுமையான பார்வை இழப்பு ஏற்பட்டது 2017 இல் மருத்துவ இதழில் பதிவானது.

இரண்டில் எது முதலில் வரும் என்று கேட்டால், இருக்கிற கேங்கிலியான் செல்லைச் சாகாமல் காப்பதும் அதன் இழைக்கு வலு தருவதும்தான் முதலில் வரும் என்று நினைக்கிறேன். புது கேங்கிலியான் செல்லை உண்டாக்கி, மூளை வரை இழை அனுப்பி, சரியான முகவரியில் சேர்ப்பது அதைவிடப் பல படி கடினம். ரே குழு ஆஸ்கல்1 உடன் வேறு மரபணுக்களையும் சேர்த்துக் கேங்கிலியான் செல்லைப் போன்றவற்றை எலியில் உண்டாக்கியிருக்கிறது, ஆனால் அங்கிருந்து மூளைக்குப் போகும் பாதை இன்னும் மிச்சமிருக்கிறது. அதனால் கிளாக்கோமா உள்ளவர்கள் சொட்டு மருந்தை விடாமல் போட்டு, கண் அழுத்தத்தைக் கட்டுக்குள் வைத்திருப்பது மிகவும் அவசியம். நாளை இழையை வளர்க்கும் சிகிச்சை எது வந்தாலும், அது வேலை செய்ய உயிரோடு ஒரு கேங்கிலியான் செல் மிச்சமிருக்க வேண்டும்.